அப்பாவின் காருக்கு நான் மாட்டிய ஸ்டியரிங்

அம்மா செத்து நாற்பது நாள்கூட ஆகவில்லை. அப்பா ஏர் மாடு இரண்டையும் சந்தைக்கு ஓட்டிக்கொண்டு போய் விற்றுவிட்டு ஒரு கார் வாங்கி வந்தார். அதைக் கார் என்று சொல்வதே தப்பு, வெறும் ஓடு. வெள்ளைக்காரன் போய் முப்பது வருஷம் ஆன பிறகும் அவன் விட்டுப்போன ஏதோ ஒன்று ஆலங்காயம் பக்கம் ஒரு பழைய இரும்புக் கடையில் கிடந்திருக்கிறது. யானைக் காது மாதிரி இரண்டு மட்கார்டு, உள்ளே ஒன்றுமில்லாத இரண்டு லைட்டுக் குழி, நாலு சக்கரம். இன்ஜின் கிடையாது, ஸ்டியரிங் கிடையாது, சீட் கிடையாது. புளி ஏற்ற வந்த லாரி அதை ரோட்டோரம் இறக்கிப் போட்டுவிட்டுப் போனது. களத்தோரம் இருந்த பலாமரத்தடி வரைக்கும் ஊரே சேர்ந்து தள்ளியது. நான் தள்ளவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

அந்த மாடுகள் அம்மா வளர்த்தவை. இரண்டையும் கன்றாக வாங்கி, கூழ் ஊற்றி வளர்த்தாள். அதை நான் அப்பாவிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டியது வேறு ஒன்று இருந்தது.

எனக்கு என்ன கோபம் என்று முதலிலேயே எழுதிவிடுகிறேன். மூணாவதுக்கு மேல் படிக்காதவன் நான். சுற்றி வளைத்து எழுத வராது.

எங்கள் ஊருக்குப் பக்கத்தில், ரோட்டை ஒட்டி, புளி மரங்களைக் குத்தகைக்கு எடுக்கிறவரின் தகர ஷெட் இருக்கிறது. எங்கள் ஊர் மலைமேல். அவர் மலைக்குக் கீழே இருந்து வருகிற கீழ்நாட்டுக்காரர். புளிக் காலத்தில் அங்கேயே தங்குவார். ஷெட் வாசலில் அவருடைய ஜீப் நிற்கும். முந்தின வருஷம் ஜமுனாமரத்தூர் சந்தையில் எல்லார் முன்னாலும் அவர் அப்பாவைப் பார்த்து, புளியில் தண்ணீர் தெளித்து எடை ஏற்றுகிறவன் என்று சொல்லிவிட்டார். அப்பா தெளிக்கவில்லை. அது எனக்குத் தெரியும். ஆனால் அன்றைக்கு அப்பா, "இனிமே உன் வாசல மிதிச்சேன்னா ஏன்னு கேளு" என்று சொல்லிவிட்டு வந்தார். அதன்பின் அந்த ஷெட்டைத் தாண்டிப் போகும்போதுகூட முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் போவார்.

அம்மாவுக்கு வயிற்றுவலி வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். நான் அப்போது ஒரு லாரியில் கிளீனர். அன்று வேலூரில் இருந்தேன். அம்மா சுருண்டு கிடந்திருக்கிறாள். அப்பாவின் தங்கச்சி, என் அத்தை, ஓடிவந்து, "ண்ணா, ஷெட்டுல ஜீப்பு நிக்குது. போய் ஒரு வார்த்த கேளு. நீ போவலன்னா நான் போறேன்" என்று சொல்லியிருக்கிறாள். அப்பா, "எவளும் போவக்கூடாது. அவன் வாசல்ல நம்மாளுங்க யாரும் நிக்கக்கூடாது. கட்டில தூக்குங்கடா" என்றாராம். நாலு பேர் கட்டிலைத் தூக்கிக்கொண்டு ஒடுகத்தூர் போகும் காட்டுவழியில் இறங்கினார்கள். பாதி வழியில் அம்மா தண்ணீர் கேட்டாள். தண்ணீர் கொண்டு வருவதற்குள் போய்விட்டாள். வெளியே செத்த உடம்பை ஊருக்குள் கொண்டுவர மாட்டார்கள். எல்லையிலேயே குழி வெட்டிவிட்டார்கள். நான் வியாழக்கிழமை வந்தேன். ஈர மண்ணைத்தான் பார்த்தேன்.

யார் துக்கம் கேட்டாலும் அப்பா, "அவளுக்கு ஆயுசு அவ்ளோதான்" என்பார். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு பற்றி எரியும். ஆயுசு இல்லை, ஜீப். கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. அதை அவர் ஒரு தடவை தன் வாயால் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் லாரி வேலையை விட்டுவிட்டு அந்தக் காரில் அவரோடு எட்டு மாதம் கிடந்தேன். பாசம் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். பேசட்டும்.

அப்பாவுக்கு மரவேலை வரும். உளுத்த தரையைப் பிடுங்கிவிட்டு வேங்கைப் பலகை போட்டார், சீட்டும் அதிலேயே அடித்தார். கதவுக்கு எண்ணெய் டின்னைத் தட்டி அடித்தார். அத்தை களத்தில் சாமை உலர்த்த வரும்போதெல்லாம் பார்த்துவிட்டுப் போவாள். அவள் வாய் சும்மா இருக்காது.

"ஏன் ண்ணா, மாட்ட வித்துட்ட. ஆடிக்கு இத்த பூட்டியா சாமை வெதைக்கப் போற?"

"நீ உன் வேலையப் பாரு."

"பாக்குறேன் பாக்குறேன். நுகத்தடி எங்க மாட்டுவன்னு சொல்லு, கயிறு கொண்டாறேன்."

அப்பாவின் உளியில் அடி கொஞ்சம் பலமாக விழும்.

இன்ஜின் ஒரு பழைய டாக்சியுடையது. ஒடுகத்தூரில் ஒர்க் ஷாப் வைத்திருந்த பாய் ஒருவர் அதைப் பிரித்துச் சேர்த்துக் கொடுத்தார். அது மலைமேல் எங்கள் ஊருக்கு வந்த பிறகு மாட்டுவதற்காக அவரும் பஸ் ஏறி வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். வெற்றிலை போட்டுக்கொண்டு காரைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"பெரியவரே, இது காரா, தேரா?"

"மாட்ட முடியுமா முடியாதா?"

"முடியும். செயின் கப்பி இருந்தா."

செயின் கப்பிக்கு எங்கே போவது? அதுவும் ஒருவரிடம் கேட்க வேண்டிய சாமான். அப்பா பலாமரத்தின் தடித்த கிளையைக் காட்டினார். கமலை இறைக்கிற வடத்தைக் கிளையில் போட்டு, ஆறு பேர் இழுத்து, இன்ஜினை இடுப்பு உயரத்துக்குத் தூக்கிக் கட்டினோம். அது அந்தரத்தில் எண்ணெய் சொட்டிக்கொண்டு தொங்கியது. பிறகு காரைப் பின்னாலிருந்து தள்ளி, இன்ஜினுக்கு அடியில் கொண்டுவந்து நிறுத்தினோம். இன்ஜின் காருக்கு வரவில்லை, கார்தான் இன்ஜினுக்குப் போனது. வடத்தை விரல் விரலாகத் தளர்த்தினோம். கிளை முனகியது. பாய் சேசிஸுக்குள் படுத்துக்கொண்டு, "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், நிறுத்து, என் மூக்கு இருக்குது" என்று கத்திக்கொண்டிருந்தார். பழைய லாரி டயரை வெட்டி அடியில் நாலு துண்டு வைத்தோம். அதிர்வு தாங்க ரப்பர் அதுதான். போல்ட் துளை ஒன்றுகூடச் சேரவில்லை. இரண்டு நாள் கடப்பாரையும் சுத்தியலுமாகத் தள்ளித் தள்ளி, பின்னால் போகிற ஷாஃப்டுக்கு நேராக உட்கார வைத்தோம்.

மூன்றாம் நாள் முன்னால் ஹேண்டிலைப் போட்டு நான் சுற்றினேன். பதினைந்து இருபது தடவை சுற்றியிருப்பேன். உள்ளங்கை கிழிந்தது. பிறகு அது இருமிவிட்டு ஓட ஆரம்பித்தது. மரத்திலிருந்த காக்கை எல்லாம் எழும்பின. அப்பா முகத்தில் சிரிப்பு வந்தது. அம்மா செத்த பிறகு அன்றைக்குத்தான் அவர் சிரித்துப் பார்த்தேன். அதைப் பார்த்து எனக்கு ஆத்திரம்தான் வந்தது.

பாய் அதே டாக்சியின் ஸ்டியரிங்கையும் கொண்டுவந்து போட்டிருந்தார். கிளம்பும்போது சொன்னார்: "ஸ்டியரிங்க நீங்க தொடாதீங்க. நோன்பு பொறக்குது. முடிஞ்சி பெருநாள் கழிச்சி நானே வந்து மாட்டித் தர்றேன்."

பெருநாள் வந்தது. போனது. பாய் வரவில்லை. நான் அப்பாவிடம், "ஒரு நட போய் கூப்டுகினு வந்துடலாம்ப்பா" என்றேன்.

"ஒரு தபா சொல்லியாச்சு. வந்தா வரட்டும். அவன் கடையாண்ட போய் நிக்க சொல்றியா?"

அதே வார்த்தை. போய் நிற்பது. என் கையில் ஸ்பேனர் இருந்தது. அதைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் காட்டுப் பக்கம் போய்விட்டு வந்தேன்.

ஸ்டியரிங்கை நாங்களே மாட்டினோம். ஸ்டியரிங் தண்டின் அடியில் ஒரு இரும்புப் பெட்டி இருக்கும். அந்தப் பெட்டியின் பக்கத்தில் ஒரு சாண் நீளத்துக்கு ஒரு இரும்புக் கை. வளையத்தைத் திருப்பினால் அந்தக் கை முன்னும் பின்னும் ஆடும். அதிலிருந்து போகிற கம்பி சக்கரத்தைத் திருப்பும். லாரியில் அந்தக் கைக்கு நான் எத்தனையோ தடவை கிரீஸ் அடித்திருக்கிறேன். அது கீழே பார்த்துத் தொங்கும்.

அப்பா குனிந்து பார்த்தார். "இது ஏன் கீழ தொங்குது?"

"அப்டித்தான்ப்பா தொங்கும்."

"லாரி உசரம். அதுக்குத் தொங்கலாம். நம்ம வண்டி வயிறு தரையத் தொட்டுகினு போவுது. நம்ம வழியில நடுவுல எத்தினி கல்லு நீட்டிகினு கீது? ஒரு கல்லு அடிச்சா முறிஞ்சிபூடும். மேல பாக்க வை."

அவர் சொன்னதில் தப்பு தெரியவில்லை. மாட்டு வண்டிக்கும் ஏருக்கும் எங்கள் ஊரில் எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள். கல்லில் இடிக்கிறதை உயர்த்திக் கட்டுவார்கள். நான் அந்த இரும்புக் கையைக் கழற்றி, மேலே பார்க்க வைத்து, நட்டை முறுக்கினேன். கம்பியை அதற்குத் தகுந்தமாதிரி வளைத்துப் பூட்டினேன்.

அப்பா ரேடியேட்டருக்குத் தண்ணீர் எடுக்கப் போனபோது முன்பக்கத்தைக் கல் வைத்துத் தூக்கி, உள்ளே உட்கார்ந்து, ஸ்டியரிங்கை வலது பக்கம் திருப்பினேன். சக்கரம் இரண்டும் இடது பக்கம் திரும்பின. இடது பக்கம் திருப்பினேன். வலது பக்கம் போயின. கை கீழே இருந்தால் முன்னால் போக வேண்டியது, மேலே இருந்ததால் பின்னால் போகிறது. அவ்வளவுதான். கழற்றிக் கீழே மாட்டினால் சரியாகிவிடும். அரை மணி நேர வேலை.

அப்பா குடத்தோடு வந்தார். "முடிஞ்சிதா?"

"முடிஞ்சிது" என்றேன்.

நான் சொல்லவில்லை. மறந்துவிடவில்லை. வேண்டுமென்றே சொல்லவில்லை. அவரும் ஒரு தடவை தப்பு செய்து எல்லார் முன்னாலும் நிற்கட்டும் என்று நினைத்தேன். வண்டி எதிலாவது போய் இடிக்கட்டும் என்றும் நினைத்தேன். அதை மறைத்து எழுதினால் இதை எழுதவே வேண்டாம்.

மறுநாள் காலையில் சக்கரத்துக்கு நாலு எலுமிச்சம்பழம் வைத்து, அத்தை கற்பூரம் சுற்றினாள். ஊர் முழுக்கக் களத்தில் நின்றது. அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சீட்டில் ஏறினார். அவர் அதுவரைக்கும் ஒரு சைக்கிள்கூட ஓட்டியதில்லை. கிளட்ச், கியர், பிரேக் எல்லாம் நான் காட்டிக் கொடுத்து, நிறுத்திய வண்டியில் மிதித்துப் பழகியதுதான்.

"நீயும் ஏறு" என்றார்.

ஏறினேன். ஏன் ஏறினேன் என்று இன்றைக்கும் எனக்குச் சரியாகத் தெரியவில்லை. இறங்கி நின்று வேடிக்கை பார்த்தால் அது கொலைக்குச் சமம் என்று தோன்றியிருக்கலாம்.

வண்டி குதித்து நகர்ந்தது. எதிரே, இடது ஓரமாக வைக்கோல் போர். அப்பா வலது பக்கம் திருப்பினார். வண்டி இடது பக்கம், நேராகப் போருக்குப் போனது. பெண்கள் ஒதுங்கினார்கள். நான் பலகையைப் பிடித்துக்கொண்டேன். அப்பா "ஓ" என்றார். அதுகூட மெதுவாகத்தான். உடனே ஸ்டியரிங்கை மறுபக்கம் திருப்பினார். வண்டி போரை உரசிக்கொண்டு விலகியது. அதன்பின் அவர் தவறவே இல்லை. களத்தை ஒரு சுற்று. இரண்டு சுற்று. இடது போக வேண்டுமானால் வலது திருப்பினார், வலது போக வேண்டுமானால் இடது. பிறந்ததிலிருந்து அதையே செய்தவர் மாதிரி.

"ஏர் மேழி மாதிரிதான் கீது" என்றார். "மேழிய இந்தாண்ட சாய்ச்சா கொழு அந்தாண்ட போவும். இதுக்கா அந்த பாய் இம்மாம் பேச்சு பேசனான்?"

 உலகத்தில் எந்தக் கார் எப்படித் திரும்பும் என்று அவருக்குத் தெரியாது. அதனால் இது தப்பு என்பதும் தெரியவில்லை. நாற்பது வருஷம் ஏர் ஓட்டிய கை, இதையும் ஏர் மாதிரி ஓட்டியது. அத்தை களத்தின் ஓரத்திலிருந்து, "ண்ணா, பாத்து, ஏர்ச்சாலு கோணுது" என்று கத்தினாள். எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். வண்டியை ரோட்டுக்கு விட்டார்.

"எங்க போற?" என்றேன்.

"ஷெட்டாண்ட. அவன் வாசல்ல நிறுத்தாம, ஹாரன் அடிச்சிகினே தாண்டிப் போவணும். ஒரு தபா போதும்."

எட்டு மாதம். மாடு போச்சு. அந்த வருஷம் சாமை விதைக்கவில்லை. எல்லாம் இதற்குத்தான். எல்லையில் அம்மா கிடக்கிற இடம் எதிர்ப்பக்கம். அந்தப் பக்கம் போகலாம் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை.

"நிறுத்து."

"இன்னாடா?"

"நிறுத்துப்பா. நிறுத்து."

கை பிரேக்கை நானே இழுத்தேன். வண்டி உதறி நின்றது. இன்ஜின் அணைந்தது. ரோட்டில் யாரும் இல்லை.

"ஸ்டியரிங்கு தப்பா மாட்டிகீது" என்றேன். "வலது திருப்புனா வலதுதான் போவணும். எல்லா வண்டியும் அப்டித்தான். நேத்தே எனக்குத் தெரியும்."

அவர் ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு கையையும் எடுத்தார். "தெரிஞ்சே வுட்டியா?"

"ஆமா."

"ஏன்?"

"நீ போய் இடிக்கணும்னு."

"நீயும் கூடத்தான ஏறி ஒக்காந்த?"

"ஆமா."

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நானும் அடித்திருப்பேன். அவர் கையை ஓங்கவில்லை. நான் கேட்டேன்.

"அன்னிக்கி ஷெட்டுல ஜீப்பு இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"கேட்டிருந்தா குடுத்திருப்பானா?"

அவர் ஷெட் இருக்கிற பக்கம் பார்த்தார். பிறகு, "குடுத்திருப்பான்" என்றார். "பொம்பள ஒடம்புக்கு முடியலன்னா எவன்டா மாட்டேம்பான். குடுத்திருப்பான். அவனே ஓட்டிகினு வந்திருப்பான். எனக்கு அப்பவே தெரியும்."

இந்தப் பேச்சுக்காக எட்டு மாதம் காத்திருந்தேன். இதைச் சொல்லிவிட்டால் என் நெஞ்சு ஆறும் என்று நினைத்திருந்தேன். ஆறவில்லை. தெரியாமல் செய்தார் என்றால்கூட ஒரு மாதிரி இருந்திருக்கும். தெரிந்தே தூக்கிக்கொண்டு போயிருக்கிறார். நான் தெரிந்தே நட்டை முறுக்கின மாதிரி.

"எந்திரி" என்றேன். "நகரு. நான் ஓட்டுறேன்."

அவர் நகர்ந்து உட்கார்ந்தார். நான் இறங்கி ஹேண்டில் சுற்றி ஸ்டார்ட் செய்து, ஏறி, வண்டியைத் திருப்பப் பார்த்தேன். என் கை லாரியில் பழகிய கை. எவ்வளவு நினைவு வைத்துத் திருப்பினாலும், வளைவு வந்ததும் கை தன் வழக்கப்படியே திரும்பிவிட்டது. வண்டி ரோட்டை விட்டிறங்கி உண்ணிச்செடிப் புதருக்குள் போய் நின்றது. முள் கதவு வழியாக உள்ளே வந்தது. இடித்தது நான்தான்.

அப்பா இறங்கிச் சுற்றி வந்து, என்னை நகரச் சொல்லி உட்கார்ந்து, பின்னுக்கு எடுத்து, ரோட்டில் ஏற்றினார். ஊரைப் பார்த்து ஓட்டினார். புதரில் கீறிய கையோடு நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் எனக்கு அது உறைத்தது. உறைத்ததும் கோபம் முன்னைவிட ஏறியது.

"இந்த வண்டிய உன்ன வுட்டா எவனாலயும் ஓட்ட முடியாது" என்றேன்.

"ஓட்ட வேணாம். நான் ஓட்டுறேன்."

"உனக்கு வயித்துவலி வந்தா?"

அவர் ரோட்டையே பார்த்து ஓட்டினார்.

"சொல்லு. நீ சுருண்டு கெடந்தா இத்த யாரு ஓட்டுவாங்க? நீ யார வேணும்னாலும் ஏத்திகினு போவலாம். உன்ன ஏத்திகினு போவ ஆளில்ல. மறுபடியும் கட்டிலா? தூக்கறதுக்கு நான் வரமாட்டேன். இப்பவே சொல்லிட்டேன்."

களம் வந்துவிட்டது. ஜனம் இன்னும் அங்கேயே நின்றது. ஷெட்டுவரை போய்விட்டு வந்தோம் என்று நினைத்துக்கொண்டு யாரோ விசில் அடித்தார்கள். அப்பா பலாமரத்தடியில் வண்டியை நிறுத்தினார். இறங்கவில்லை.

"மாத்து" என்றார்.

"இன்னா?"

"நட்டக் கழட்டிக் கீழ மாட்டு. எல்லா வண்டி மாதிரியும் வை. கல்லு அடிச்சா அடிக்கட்டும்."

அன்றைக்கே மாற்றினேன். மறுநாள் அப்பா ஏறி ஓட்டிப் பார்த்தார். முதல் திருப்பத்திலேயே களத்து வேலியில் போய்ச் சாய்த்தார். இரண்டாம் தடவை மாட்டுத் தொட்டி. மூன்றாம் தடவை அத்தை உலர்த்தியிருந்த சாமை மேலேயே ஏற்றிவிட்டார். அவள் திட்டினது பலாமரத்து இலைக்கெல்லாம் கேட்டிருக்கும். ஒரு தடவை பழகிய கை மாறவே இல்லை. ஒரு வாரம் முயற்சி செய்துவிட்டு விட்டுவிட்டார்.

ஒரு மாதம் கழித்து பாய் தானாகவே பஸ் ஏறி வந்தார். வீட்டில் குழந்தைக்கு அம்மை போட்டிருந்ததாம், அதனால்தான் வரமுடியவில்லை. நாங்கள் ஒரு தடவை போய்க் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். நடந்ததை அத்தை சொல்லச் சொல்ல அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"வண்டி இப்ப சரியாத்தான் இருக்குது பெரியவரே. கழட்டி மாத்தி மாட்ட வேண்டியது உங்க கையத்தான்."

அப்பா சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை.

இப்போது அந்தக் காரை நான்தான் ஓட்டுகிறேன். பிரசவத்துக்கு இரண்டு பெண்களை ஜமுனாமரத்தூர் கொண்டுபோய் விட்டிருக்கிறேன். ஊரில் யார் கூப்பிட்டாலும் உடனே போகிறேன், எதுவும் கேட்பதில்லை. அப்பாவுக்கு மட்டும் அப்படி இல்லை. அவருக்கு எங்காவது போக வேண்டுமென்றால் வந்து என் முன்னால் நிற்க வேண்டும். போன வாரம் முழங்கால் வீங்கியிருந்தது. நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். வாசற்படியில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"ஆஸ்பத்திரிக்கு போவணும். வண்டி எடுக்கிறியா?"

எனக்குக் கேட்டது. நான் தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். செய்யக்கூடாது என்று தெரியும். ஒவ்வொரு தடவையும் அப்படித்தான் செய்கிறேன்.

"வண்டி எடுப்பா" என்று அவர் இரண்டாவது தடவை கேட்ட பிறகுதான் கை கழுவ எழுந்தேன்.